சங்கத்தின் வரலாற்றுத் தீர்மானம்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், ஸ்பெயின் கடற்கரையில் ஓய்வுகாலத்தைக் கழிக்கும் ஆங்கிலேயர்களின் பந்துருட்டுச் சங்கம், இன்று பிங்கோ ஆட்டம் முடிந்த கையோடு, பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவதா இல்லையா என்பதைத் தீர்த்து வைக்கும்.

அறிவிப்பை ஒட்டியவர் சங்கத் தலைவர் டெஸ்மண்ட். தேய்ந்துபோன அவருடைய இடுப்பெலும்பை அடுத்த மாதம் உள்ளூர் அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாக மாற்றப் போகிறார்கள். அது ஒன்றியத்தின் தயவு என்று மனைவி க்ளெனிஸ் பத்து முறை சொல்லியாயிற்று. இடுப்பு வேறு, நாட்டின் மானம் வேறு என்பது அவர் கட்சி.

ஊன்றுகோலைத் தட்டி எழுந்தார். “கண்ட நாட்டுக்காரனும் நம்ம ஊர்ல வந்து உட்கார்ந்துக்கிறான். நம்ம பாஷை பேசுறானா? நம்ம சாப்பாடு சாப்பிடுறானா? ஓசி வைத்தியம்னா மட்டும் முதல் ஆளா நிக்கிறான்.”

கைதட்டல் கூரையைப் பிளந்தது. இங்கே வந்து பதினெட்டு வருடமாகியும் ‘பீர்’, ‘நன்றி’ தாண்டி ஒரு ஸ்பானியச் சொல் கற்காதவர்கள், கொளுத்தும் வெயிலில் தங்கள் ஊர் வறுத்த மாட்டிறைச்சியைக் குழம்போடு தின்று வியர்த்தபடி தட்டினார்கள்.

“அப்போ உன் ஆபரேஷன், டெஸ்?” என்றாள் க்ளெனிஸ்.

“அதெல்லாம் நடக்கும். நாம என்ன வெளிநாட்டுக்காரங்களா?”

“ஸ்பெயின்ல நாம வேற யாரு?”

“நாம இங்க குடியிருக்கோம், க்ளென்,” என்றார் பொருளாளர் ரெஜி பொறுமையாக. “அவனுங்கதான் வந்தேறிங்க.”

விலகலுக்கு ஆதரவாகக் கைகள் உயர்ந்தன. க்ளெனிஸுடையது மட்டும் மடியிலேயே கிடந்தது. பிரிட்டன் விலகிவிட்டதாக டெஸ்மண்ட் அறிவித்தார். எல்லோரும் நின்று தேசிய கீதம் பாடினார்கள். இரண்டாவது வரியிலிருந்து முணுமுணுப்பு.

பாட்டு ஓய்ந்ததும் டெஸ்மண்ட் மனைவியின் காதருகே குனிந்தார். “பார்ல இருக்கிற பிலார்கிட்ட சொல்லி ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் போடச் சொல்லேன். அவளுக்குத்தான் பாஷை தெரியும். தேதியைக் கொஞ்சம் முன்னாடி குடுப்பாங்களான்னு கேளு. நிஜமாவே விலகித் தொலைச்சுட்டா?”

“நீதானே விலக்கினே,” என்றாள் க்ளெனிஸ். ஆனாலும் போய்ச் சொன்னாள்.

பிலார் கேட்டுவிட்டு வந்தாள். தேதி மாறாது.

நாட்டை விட்டுப் போய்ப் பதினைந்து வருடம் தாண்டியவர்களுக்கு பிரிட்டனில் நடக்கவிருந்த நிஜமான வாக்கெடுப்பில் ஓட்டு இல்லை. சங்கத்தில் ஒருவருக்கும் இல்லை.