மழைக்கு மாடியேறும் அலமாரி

முதல் மழை விழுந்ததும் ஜோதிலட்சுமியின் அலமாரி மாடியேறிவிடும். அடையாற்றுக் கரையோர ஹவுசிங் போர்டு குடியிருப்பில் இது நாலு வருடமாக நடக்கிறது.

அதற்கு முன்னால் அவர் வீட்டில் கடையில் வாங்கிய பிளைவுட் அலமாரி இருந்தது. அதன் பசையிலிருந்து கிளம்பும் ஃபார்மால்டிஹைடு நெடி கண்ணைக் கரிக்கும். மகள் அன்புச்செல்விக்கு மூச்சு இழுக்கும். அதை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, தச்சு வேலை செய்யும் அக்பர் பாஷாவிடம் நெடியில்லாத அலமாரி கேட்டார். அவர் புளியங்கொட்டையை வறுத்து அரைத்துக் கூழாகக் காய்ச்சி, அந்தப் பசையில் பலகைகளை ஒட்டினார்.

"நிக்குமா பாய்?"

"காஞ்ச எடத்துல உன் பேத்தி காலத்துக்கும் நிக்கும்மா. தண்ணி மட்டும் ஆவாது."

"இங்க வருசா வருசம் ஆறு உள்ள வந்து குந்திக்கினு போவுதே!"

"அப்போ அலமாரியாண்டயே சொல்லி வெய்யி" என்று சிரித்துவிட்டுப் போனார் பாய்.

ஜோதிலட்சுமி சிரிக்கவில்லை. அலமாரிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, "தண்ணி வந்தா நவுந்துக்க, இன்னா? நீ ஊறிப் பூட்டா மறுபடி அந்த நெடிதான். என் பொண்ணு தாங்காது" என்று சொல்லி வைத்தார். மாடி வீட்டுக் கோதண்டபாணி எட்டிப் பார்த்து, "மழ வந்தா இதுல புளிக்கொழம்பு வெச்சிரலாம்க்கா" என்றார்.

ஐப்பசியில் தண்ணீர் வாசற்படியைத் தொட்டபோது அலமாரி கதவுகளை இறுக்கிக்கொண்டு, படித் திருப்பத்தில் மட்டும் கொஞ்சம் சாய்ந்து, மாடிக்குப் போனது. கோதண்டபாணி கதவைச் சாத்திக்கொண்டார். அது அவசரப்படவில்லை, அவர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. இரண்டாம் நாள் பால் வாங்கப் போக வழியில்லாமல் அவரே திறந்தார். அது உள்ளே போய் டிவிக்கு முன்னால் நின்றுகொண்டது.

தண்ணீர் வடிந்ததும் இறங்கி வந்தது. ஒரு மூட்டுகூட விட்டிருக்கவில்லை. விஷயம் கேள்விப்பட்டு, பசைகளைச் சோதிக்கிறவர்கள் வந்து அதன் முதுகில் ஒரு துண்டு வெட்டி வாளியில் ஊறப்போட்டார்கள். திரும்பிப் பார்ப்பதற்குள் அந்தத் துண்டு வெளியே ஏறி வெயிலில் கிடந்தது. மூன்று முறை போட்டார்கள், மூன்று முறையும் அப்படித்தான். அறிக்கையில், "உலர்ந்த நிலையில் உறுதி: நன்று. நீர்ச் சோதனை: ஆஜராகவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

அன்புச்செல்வியின் இன்ஹேலர் அலமாரியின் உச்சியில் தூசி படிந்து கிடக்கிறது. மழைக்காலத்தில் யூனிஃபார்ம் எடுக்க மட்டும் அவள் மாடிக்குப் போக வேண்டும். வானம் இருட்டினால் கோதண்டபாணி டிவியைத் தள்ளி வைக்கிறார், கதவைத் திறந்து விடுகிறார், படியில் நின்று கீழே குரல் கொடுக்கிறார்:

"அக்கா, அத்த சீக்கிரம் வரச் சொல்லு. மேட்ச் ஆரம்பிக்கறதுக்குள்ள வந்து ஓரமா நிக்கட்டும்!"