நான்காம் கேள்விக்கு ராய்ஸ் எழுதிய விடை

ஆலைக்கு இடம் பார்க்கும் ஆலோசகர் வரும் நாளுக்கு முந்தைய வாரம் முழுவதும் அந்தச் சிறு அமெரிக்க மாவட்டம், லோரிங்டன் கவுண்டி, தன் முகத்தைக் கழுவிக்கொண்டது. நெடுஞ்சாலை ஓரத்துப் புல் வெட்டப்பட்டது. பெட்ரோல் நிலையங்களின் கழிப்பறைகளை டார்லா பிக்கன்ஸ் தானே உள்ளே நுழைந்து பார்த்தாள். கவுண்டியின் தொழில் வளர்ச்சி மன்றத்தில் பதினாறு ஆண்டுகள் பணிபுரிந்தவள் அவள். ஆலைகளுக்கு இடம் தேடி வருவோர் எங்கே வண்டியை நிறுத்தச் சொல்வார்கள் என்பதை அறிவாள். மன்றத்தின் இயக்குநர் க்ளைட் மேபரி வேன் செல்லும் வழியை மூன்று முறை மாற்றினார். மூடிய பள்ளிக்கூடமும் தகர வீடுகள் நிற்கும் வளைவும் கண்ணில் படாத வழியொன்று கிடைத்தபோது, தேரை நிலைக்குக் கொண்டுவந்தவர்போல் பெருமூச்சு விட்டார்.

வரவிருந்த நிறுவனத்தின் பெயர் ஒருவருக்கும் தெரியாது. போட்டி ஊர்கள் மோப்பம் பிடிக்காதிருக்க, காகிதங்களில் அதற்கு ‘நாரைத் திட்டம்’ என்று மட்டுமே பெயர். தெரிந்தவை இரண்டுதான்: முந்நூற்று நாற்பது வேலை, மணிக்கு இருபத்திரண்டு டாலர் கூலி. டார்லாவின் தம்பி டேனி பத்தொன்பது ஆண்டுகளாக ராய்ஸ் ஹேட்ச்சரின் சோபா ஆலையில் மரச்சட்டங்களில் சுருள்வில் பொருத்துகிறான். அங்கே கூலி பதின்மூன்று. அவன் வலக்கையின் இரு விரல்கள் இனி முழுதாக மடங்கா. அந்தக் கையின் பொருட்டே அவள் நாரைக்குக் காத்திருந்தாள். ஒவ்வொரு ஞாயிறும் தேவாலய வாசலில் அவன் கேட்பான்: “நாரை முட்டை வச்சுதா, அக்கா?”

சிகாகோவிலிருந்து வந்த ஆலோசகர் மிஸ் கோவல்ஸ்கி சிரிக்காதவர்; சீறாதவர். நிலத்தைப் பார்த்தார், நீர்த்தொட்டியைப் பார்த்தார், கழிப்பறையையும் பார்த்தார். பிற்பகலில் வங்கியின் கூட்ட அறையில் உள்ளூர் முதலாளிகள் மூவரை ஒருசேர வைத்துத் தனியே சந்தித்தார். அவ்வேளையில் மன்றத்து ஊழியர் எவரும் உள்ளே இருத்தல் ஆகாது. எந்த ஊரிலும் அதுவே வழக்கம். தொழிலாளர் எத்தகையவர் என்பதை அவர்களை வைத்து வேலை வாங்குவோரின் வாயாலேயே கேட்பதற்கான நேரம் அது. வங்கித் தலைவர் ஒருவர், மருத்துவமனை நிர்வாகி ஒருவர், மூன்றாமவர் ராய்ஸ் ஹேட்ச்சர். மன்றத்தின் தலைவரும் அவரே. கதவுக்கு வெளியே டார்லா நெஞ்சுக்குள் ஒரு துதிப்பாடலை முதலிலிருந்து முடிவுவரை இருமுறை சொல்லிக்கொண்டாள்.

மூவருக்கும் நன்றி கூற க்ளைட் பின்தங்கினார். ஆதலால் விமான நிலையத்துக்கு வேனை ஓட்டியவள் டார்லா. பாதி வழியில் மிஸ் கோவல்ஸ்கி கேட்டார்.

“உங்க ஊர்ல பத்துல ஏழு பேர் போதைப் பரிசோதனையில தோத்துடுவாங்களாமே?”

“யார் சொன்னாங்க, அம்மா?”

“அதைச் சொல்ல எனக்கு உரிமையில்ல. ‘ஒரு கையில பைபிள், இன்னொரு கையில மாத்திரை’ன்னு ரொம்ப நயமாச் சொன்னார்.”

அந்த நயத்தை டார்லா அறிவாள். சென்ற குளிர்காலத்தில் தையல் பிரிவுப் பெண்கள் கூலி உயர்வு கேட்டபோது அதே வாசகத்தை ராய்ஸ் அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னார். டேனி வந்து சொல்லியிருந்தான். சாலையோரம் தன் ஏற்பாட்டில் வெட்டப்பட்ட புல்லைப் பார்க்கவும் அவளுக்குக் கூசியது.

அலுவலகம் திரும்பியவள் இழுப்பறையைத் திறந்தாள். வரிச் சலுகையை நீட்டிக்கக் கோரும் முதலாளி ஆண்டுதோறும் நிரப்பித் தரும் படிவம் அங்கே இருந்தது. விரும்பிய எவரும் கேட்டுப் பார்க்கத்தக்க பொது ஆவணம் அது. மூன்றாம் கேள்வி போதைப் பரிசோதனை பற்றியது. ‘நடத்துவதில்லை, தேவை எழவில்லை’ என்பது ராய்ஸின் விடை. நான்காம் கேள்வி, தொழிலாளரைப் பற்றிய கருத்து. அதற்கு ராய்ஸ் தம் கைப்பட ஒரு பத்தியே எழுதியிருந்தார்.

மறுநாள் ராய்ஸின் அறையில், மாதிரிக்கென வைத்த தோல் சோபாவில் அமராமல் நின்றபடியே அவள் கேட்டாள். அவர் மறுக்கவில்லை. வெயிலையோ மழையையோ பற்றிப் பேசுபவர்போல் பேசினார்.

“இருபத்திரண்டு குடுக்கிறவன் பக்கத்துல வந்து நின்னா, பதிமூணுக்கு என்கிட்ட யாரு வேலைக்குக் குனிவாங்க, கண்ணு? நாப்பது வருஷமா இந்தக் கவுண்டிக்குச் சோறு போட்டவன் நான்.”

“அதுக்காக டேனியை மாத்திரை தின்னின்னு சொல்லணுமா, மிஸ்டர் ராய்ஸ்?”

“டேனி பேரை எங்க சொன்னேன்? பொதுவாச் சொன்னேன். டேனி நல்ல பையன். அதான் அவனை விட மனசு வரல.”

க்ளைட் எல்லாம் கேட்டுவிட்டுத் தம் அறைக் கதவைச் சாத்தினார். அவர் சினந்தது ராய்ஸின் பொய்யின்மேல் அன்று, அது அவள் காதில் விழுந்ததன்மேல். “ராய்ஸ் கோவிச்சுக்கிட்டுப் போனா அவரோட சந்தா குடுக்கிற நாலு உறுப்பினரும் போவாங்க, மிஸ் டார்லா. அப்புறம் நீங்களும் நானும் எங்க உக்காந்து ஆலை தேடுறது?” என்றார். மன்றம் இருப்பது ஆலை கொண்டுவருவதற்கு. ஆலை வராமற் காப்பவர் விலகினால் மன்றம் இராது. இதை அவர் மூச்சுத் திணறாமல் சொன்னார்.

அன்றே டார்லா படிவத்தின் நகலைச் சிகாகோவுக்கு அனுப்பினாள். ஒன்பதாம் நாள் மிஸ் கோவல்ஸ்கி தாமே அழைத்தார்.

“அவர் சொன்னது பொய்னு அன்னைக்கே தெரியும், மிஸ் பிக்கன்ஸ். கூலி கம்மியாக் குடுக்கிறவங்க எல்லா ஊர்லயும் இதைத்தான் சொல்வாங்க. உங்க ஆளுங்க மேல எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல.”

“அப்புறம் என்ன?”

“வரவேற்க உக்கார வச்ச தலைவரே வரவேண்டாம்னு நினைக்கிறார். அப்படி ஒரு ஊர்ல போய் முப்பது வருஷம் குடியிருன்னு நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.”

நாரை வேறொரு மாநிலத்தில் இறங்கியது. ஞாயிறன்று அவள் தம்பியிடம் ஒன்றும் மறைக்கவில்லை. “மாத்திரையா?” என்றான் டேனி. “தலைவலி மாத்திரை போடவே அந்த ஆள் இடைவேளை விடமாட்டாரே.” சிரிக்க முயன்றான். திங்களன்று விடியுமுன் அதே ஆலைக்குப் போனான்.

மன்றத்தின் ஆண்டு விருந்து அக்டோபரில் நடந்தது. ‘வேலைவாய்ப்பின் காவலர்’ என்று பொறித்த பலகை அவ்வாண்டு ராய்ஸுக்கு. பாராட்டுரையை எழுதி வாசிக்கும் பொறுப்பு, பதினாறு ஆண்டு வழக்கப்படி, டார்லாவுடையது. இருநூறு பேர் பன்றித் தொடைக்கறியும் சர்க்கரைத் தேநீருமாக நிறைந்திருந்த மண்டபத்தில் அவள் காகிதத்தைப் பிரித்தாள்.

“‘எங்கள் தொழிலாளர்களுக்கு நிகரானவர்களை நான் எங்கும் கண்டதில்லை. நூறு நாளில் தொண்ணூற்றேழு நாள் தவறாமல் வருகிறார்கள். நேர்மையானவர்கள், தெளிந்தவர்கள், தேவபயம் உள்ளவர்கள். இவர்களை நம்பி எந்த ஆலையும் இங்கே வரலாம்.’” நிமிர்ந்தாள். “இது நான் எழுதினதில்ல. வரிச் சலுகை கேட்டு, இந்த ஜனவரியில மிஸ்டர் ராய்ஸ் தன் கையால எழுதிக் குடுத்தது. மூணு மாசம் கழிச்சு, வங்கிக் கூட்ட அறையில, நாரைத் திட்டத்துக்கு இடம் பார்க்க வந்தவங்ககிட்ட இதே ஆளுங்களைப் பத்தி அவர் வேற சொன்னார். எது நிஜம்னு அவரே சொல்லட்டும்.”

அவள் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. அன்று கூட்ட அறையில் ராய்ஸோடு அமர்ந்து அவர் சொன்னதைக் கேட்டிருந்த வங்கித் தலைவர் முதலில் எழுந்து கைதட்டினார். கண் தட்டைவிட்டு உயரவில்லை. அவரைத் தொடர்ந்து மருத்துவமனை நிர்வாகி. பிறகு க்ளைட், முகம் வெளிறி, எல்லாரினும் பலமாக. இவர்கள் தட்டுவதைக் கண்டு மண்டபம் முழுவதும் எழுந்தது. கேட்ட சொல்லின் பொருள் கைத்தட்டலின் அடியில் நசுங்கி மறைந்தது. தன் ஆட்கள்மேல் எவ்வளவு பாசம் பார் என்று முன்வரிசையில் ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம் சொல்வது டார்லாவின் காதில் விழுந்தது.

ராய்ஸ் மேடையேறி அவளருகே குனிந்தார். “நிஜம் நான் ஜனவரியில எழுதினதுதான், கண்ணு,” என்றார் அவளுக்கு மட்டும் கேட்கும்படி. “அதனாலதான் அவங்களை வெளிய விடல.”

பலகையை வாங்கிக்கொண்டு புகைப்படத்துக்குத் திரும்பினார். அதைப் பிடித்த அவருடைய விரல்கள் ஐந்தும் அழகாக மடங்கின.