றிப்னா உயிர் என்று சொன்ன கல்

1

இந்தக் கதை ஒரு கல்லிலிருந்து வந்தது. மின்விசிறிக் காற்றில் இந்தத் தாள்கள் பறக்காதிருக்க, அது இப்போது என் மேசையில் கிடக்கிறது. 'நான்' என்று தொடங்கிய வாக்கியங்கள் நிற்கவில்லை. ஆகவே ஸப்வான். (மாத்தளை. முப்பத்தொரு வயது. மனைவியை இழந்தவன்.)

2

அறுபது கோடி ஆண்டுகளுக்கு முன், எடியாகாரன் காலக் கடலடியில்,

இல்லை. இது பாடப்புத்தகம்.

ரிவர்ஸ்டன் மலைக்குப் போகும் வழியில், மண்சரிவொன்றில் ஸப்வானின் மனைவி றிப்னா அந்தக் கல்லைப் பொறுக்கினாள். வெள்ளைக் கல், ஒரு முனையில் கறுப்பாக இலை வடிவம். அவள் உயிரியல் ஆசிரியை.

"எடியாகாரன் உசிர் இது. வாயுமில்ல, கண்ணுமில்ல. யாரும் யாரையும் திங்காத காலம்."

"நம்ம ஊருக் கல்லெல்லாம் அந்தக் காலத்துல பூமிக்குள்ள வெந்தது," என்றான் ஸப்வான். "உசிர் இருந்திருந்தாலும் மிஞ்சாது. இது மங்கனீசுக் கறை."

"கறைக்கு நரம்பு ஈக்குமா?"

வீடு திரும்பும் வழியில் ரத்தோட்டை தாண்டியும் அவன் பதில் தேடிக்கொண்டிருந்தான்.

நோன்புக்கு முன் றிப்னா மௌத்தானாள். (இந்த வாக்கியத்தை நீட்டிப் பார்த்தேன். நீளவில்லை.)

3

அவளை அடக்கிய கபுறில் அடையாளமாக மீஸான் கல் நட வேண்டும். ஸப்வான் இந்தக் கல்லை மாமி ஹமீமாவிடம் கொண்டுபோனான்.

"பேரே எழுதாம நடுற கல்லுல படம் என்னத்துக்கு மகன்?"

"படமில்ல மாமி. தானா வந்தது."

"இலையெண்டா காரியமில்ல. மிருகம் மாதிரி உசிருள்ள சாமான்ட உருவமெண்டா கபுறுல வைக்கேலா. எது?"

(எடியாகாரன் உயிர்கள் விலங்கா, தாவரமா என்று ஆய்வாளர்கள் பல்லாண்டுகள் மோதிக்கொண்ட கேள்வி. மாமி தேத்தண்ணி ஆறுமுன் கேட்டுவிட்டார்.)

"கெம்பஸ் போன ஆளும் முழிக்கிது," என்று சிரித்தார். மகள் போனபின் முதல் சிரிப்பு.

4

முடிவு ஒன்று: "கறைதான் மாமி." கல் றிப்னாவிடம் போகும். சண்டையில் அவன் வென்றுவிடுவான். மறுத்துப் பேச ஆளில்லை.

முடிவு இரண்டு: "உசிர் மாமி." அவள் வெல்வாள். கல் அவளிடம் போகாது.

முடிவு மூன்று: கல்லை வெட்டிப் பார்க்கலாம் என்று ஸப்வான் அதை எடுத்துக்கொண்டு

இந்த வரியை அடித்துவிட்டேன்.

5

"செல்லுங்க மகன். இலையா, உசிரா?"

ஸப்வான் வாய் திறக்கிறான். இங்கே நான் நிறுத்துகிறேன். நீங்கள் சொல்லுங்கள், நீங்கள் அந்தச் சண்டையில் இருக்கவில்லை.

ஆனால் றிப்னா கேட்டதற்கு முதலில் பதில் வேண்டும். கறைக்கு நரம்பு இருக்குமா? அன்று எனக்குப் பதில் வரவில்லை.