விட்டுப்போனவர்களின் நாய்கள்

சிங்கப்பூர் யப்பான்காரன் கையில் விழுந்த பிறகு மலாயாவிலிருந்து கடிதம் வருவது நின்றுபோனது. அருமைநாயகியின் கணவர் சண்முகநாதன் ஈப்போவில் ஒரு கந்தோரில் கிளாக்கர். அவர் இருக்கிறாரா இல்லையா என்று சொல்ல இங்கே ஊரில், அச்சுவேலியில் ஒருவரும் இல்லை. பிள்ளைகளும் இல்லை. அவர் அனுப்பிய காசில் கட்டிய பெரிய கல்வீட்டில் அவள் ஒருத்திதான். ஒருநாள் பின்னேரம், பால் கொண்டுவந்த பெண் ஏதோ கேட்டாள். பதில் சொல்ல வாயைத் திறந்தபோது குரல் வரவில்லை, காற்றுத்தான் வந்தது. விடிந்ததிலிருந்து தான் ஒரு சொல்லும் பேசவில்லை என்பது அருமைநாயகிக்கு அப்போதுதான் உறைத்தது.

அடுத்த கிழமை யாரோ வளவுக்குள் புகுந்து வாழைக்குலைகளை வெட்டிக்கொண்டு போனார்கள். கேள்விப்பட்டுத் தம்பி தியாகராசா ஓடிவந்தான்.

"இந்த வீட்டுக்கு ஒரு நாய் வேணும், அக்கா. தெருநாய் இல்லை, சாதி நாய். தெல்லிப்பழையிலை டாக்குத்தர் இராசநாயகத்தார் அல்சேஷன் வளர்த்து விக்கிறார். குட்டி போட்டிருக்காம்."

மார்க்கண்டுவின் மாட்டுவண்டிலில் அவள் தெல்லிப்பழைக்குப் போனாள். டாக்குத்தர் வீட்டுப் பின்வளவில் கம்பிவலை அடித்த கூடுகள் இருந்தன. கழுவிவிட்ட சீமெந்துத் தரையில் குட்டிகள் உருண்டன. ஒன்று ஓடிவந்து அவளுடைய சேலைக் கரையைக் கடித்து இழுத்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"இறைச்சி குடுப்பியளோ?" என்று டாக்குத்தர் கேட்டார்.

"நாங்கள் சைவம். பால் குடுக்கலாம்."

"வீட்டிலை ஆர் இங்கிலீஷ் கதைப்பினம்? நான் பழக்கிறதெல்லாம் இங்கிலீஷிலை. தாய் நாயைப் பாருங்கோ, 'சிட்' எண்டாத்தான் இருக்கும். தமிழிலை கூப்பிட்டாத் திரும்பியும் பாராது."

"அவர் கதைப்பார்."

"அவர் எங்கை?"

"மலாயாவிலை."

டாக்குத்தர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதுக்கென்ன, நாலைஞ்சு சொல்லுத்தானே. நான் சொல்லித் தாறன். குட்டி இன்னும் பால் மறக்கேல்லை. வாற மாதம் வாங்கோ. ஆனா நல்லா யோசிச்சு வாங்கோ. தனிச்ச வீட்டிலை வளர்ந்தா இந்தச் சாதி குணம் குழம்பிப்போடும்."

திரும்பி வரும்போது அவள் டாக்குத்தர் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ் சொற்களை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். வேறு யாருடைய வீட்டிலோ பேசுவதுபோல இருந்தது. அதைக் கேட்டுக்கொண்டிருந்த மார்க்கண்டு சொன்னான்:

"நாய்தான் வேணுமெண்டா, அம்மா, வளலாய்க் கடற்கரையிலை லூர்த்தம்மா எண்டொரு மனிசி சும்மா குடுக்குது. பலாலியிலை ஏரோப்பிளேன் இறக்க வெள்ளைக்காரர் காணி எடுத்தாங்களல்லோ. சனம் சட்டி பானையோடை வெளிக்கிட்டுது, நாயளை ஆர் கொண்டு போறது? அதுகள் பழைய வீட்டுப் படலையளிலை போய்ப் போய் நிண்டுதுகள். அந்த மனிசிதான் கூட்டிக்கொண்டு வந்து கஞ்சி ஊத்துது."

"அப்ப அங்கை விடு," என்றாள்.

லூர்த்தம்மா புருசனைக் கடலுக்குக் கொடுத்தவள். அவளுடைய ஓலைவேலிக்குள் சொறியும் காயமுமாகப் பல நாய்கள். எல்லாம் அருமைநாயகியிடம் வந்து மணந்து பார்த்தன. ஒரு கறுத்த நாய் மட்டும் அசையாமல் வேலியடியில் நின்று, ஓலை விலகியிருந்த பொட்டு வழியாகத் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அதுக்கு என்ன பேர்?"

"ஆருக்குத் தெரியும், பிள்ளை. கூப்பிட்ட ஆக்கள் போயிட்டினம்."

அவள் அதையே கொண்டுபோனாள்.

தியாகராசா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டான். "உந்தக் கிழட்டு நாய் கள்ளனைப் பிடிக்குமோ?" அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நாய் குரைக்கவில்லை. வைத்த சோற்றைத் தின்றுவிட்டுத் தெருவாசல் படலையடியில் போய்ப் படுத்தது. வீரன், மணி, கறுப்பன் என்று தெரிந்த பெயரையெல்லாம் சொல்லிக் கூப்பிட்டாள். காது கூட அசையவில்லை. ஆனால் அவள் நாள் முழுக்க அதனோடு கதைத்தாள். கறியில் உப்புக் கூடிப்போனதையும், சண்முகநாதன் குடை விரிக்கும் விதத்தையும் சொன்னாள். கதைக்க ஆள் கிடைத்துவிட்டதென்றே நினைத்தாள்.

மாதம் முடியமுன்னர் ஒரு சந்தை நாளில், வெங்காயக் கடகத்தைத் தலையில் வைத்தபடி ஒரு வயதான மனிதர் தெருவில் போனார். நாய் எழும்பியது. அதுவரை அவள் கேட்டிராத ஒரு சத்தத்தோடு வேலியைப் பிய்த்துக்கொண்டு வெளியே பாய்ந்தது.

"சிங்கன்! எடேய், சிங்கன்!"

கடகம் விழுந்து வெங்காயம் தெருவெல்லாம் சிதறியது. அந்த மனிதர் புழுதியிலேயே இருந்துவிட்டார். நாய் அவர் முகத்தை நக்கியது. அவர் வாய்விட்டு அழுதார்.

அவருடைய பெயர் ஏரம்பு. பலாலியிலிருந்து எழும்பி, கொடிகாமத்தில் தமக்கையின் காணியில் குடிசை போட்டிருக்கிறார். நாயைத் தேடிப் பலாலிக்கு இரண்டு தரம் போனாராம், பட்டாளத்தார் உள்ளே விடவில்லையாம்.

வெங்காயத்தைப் பொறுக்கிக் கொடுத்தபடி அருமைநாயகி கேட்டாள்: "கூட்டிக்கொண்டு போறியளோ?"

"இப்ப உங்கடை நாயெல்லோ, அம்மா. நீங்கள் சோறு போட்டனீங்கள்."

"இல்லை. உங்கடை நாய்."

சந்தி திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். நாய் ஒருதரமும் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்குச் சந்தோசம்தான். ஆனாலும் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் அழுதாள்.

"குட்டி பால் மறந்திட்டுதாம், அக்கா. டாக்குத்தர் ஆள் அனுப்பினவர்," என்று தியாகராசா வந்து நின்றான்.

"அதை வேறை ஆருக்கும் குடுக்கச் சொல்லு, தம்பி. அந்தக் குட்டியை எடுக்க எத்தினை பேர் நிக்கினம்."

அவள் வளலாய்க்குப் போய் நடந்ததைச் சொன்னாள். லூர்த்தம்மா சிலுவை போட்டுக்கொண்டு, கைகொட்டிச் சிரித்து, சுற்றி நின்ற நாய்களிடம், "கேட்டியளோ, சிங்கன்ரை ஆக்கள் வந்திட்டினமாம்!" என்றாள். அருமைநாயகி அதை அப்படி நினைத்துப் பார்த்திருக்கவில்லை; தன் நாய் போய்விட்டதென்றுதான் நினைத்திருந்தாள். அன்று ஒற்றைக் கண் தெரியாத ஒரு பெட்டை நாயைக் கேட்டு வாங்கினாள்.

"ஆக்கள் வந்தாக் குடுத்திடுவன்," என்றாள்.

அந்த நாய்க்கு ஒருவரும் வரவில்லை.

சண்டை முடிந்து கப்பல்கள் ஓடத் தொடங்கியதும் ஈப்போவிலிருந்து வந்த ஒருவர் வீடு தேடி வந்தார். சண்முகநாதனை யப்பான்காரர் சயாமுக்கு ரெயில்பாதை வேலைக்குக் கொண்டுபோனதையும், அங்கே அவர் காய்ச்சலில் செத்துப்போனதையும் நின்றபடியே சொன்னார். வீடு சனத்தால் நிறைந்தது. பந்தல் போட்டார்கள், ஒப்பாரி சொன்னார்கள், அயலவர்கள் சோறு கொண்டுவந்தார்கள். பெட்டை நாய் வந்தவர்களையெல்லாம் பார்த்துக் குரைத்துக் களைத்துப்போனது.

சடங்குகள் முடிந்து கடைசியாகத் தியாகராசாவும் போனான். பந்தல் கழற்றிய முற்றத்தில் கால்கள் நட்ட கிடங்குகள் மட்டும் கிடந்தன. அருமைநாயகி குசினி வாசலில் சும்மா இருந்தாள். நாய் வந்து முன்னால் நின்று அவளைப் பார்த்தது.

"பசிக்குதோ?" என்று கேட்டாள்.

வாலை ஆட்டியது. அவள் எழும்பிப்போய் அடுப்புச் சாம்பலை அள்ளிக் கொட்டிவிட்டு உலை வைத்தாள்.