சத்தம் தூங்கும் இடம்

"அப்பா, சத்தம் எங்க போய்த் தூங்கும்?"

மகள் மூன்று வயதில் கேட்டது. அன்று ஏதோ சொல்லி மழுப்பிவிட்டான். நான்கு வருடம் கழித்து, மூன்றாவது சைலன்சர் கடையில் நிலைகொள்ளாமல் நின்றபோது அது நினைவுக்கு வந்தது.

அவனுடைய பிக்கப் தினமும் விடிகாலை ஐந்து மணிக்குக் காய்கறி ஏற்றக் கிளம்பும். பழைய சைலன்சர் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. புதிதாக எதை மாட்டுவது என்பதுதான் ஒரு வாரமாக அவனைக் குடைந்தது. பெரிய வாய் வைத்த ஸ்போர்ட்ஸ் பைப் போட்டால் மேட்டில் வண்டி பிய்த்துக்கொண்டு ஏறும் என்றார்கள் சந்தையில். "வர்றது உன் வண்டியா, இருமல் தாத்தாவா?" என்று சுமைதூக்கிகள் அடித்த கிண்டல் வேறு உறுத்தியது.

ஆனால் பக்கத்து வீட்டுத் தையல்காரருக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆகிப் பத்து நாள்தான் ஆகிறது. வண்டி நிற்கும் இடத்தை ஒட்டிய சுவருக்கு அந்தப் பக்கம் அவர் கட்டில். இரவெல்லாம் வலி. விடியும் நேரத்தில்தான் கண் அயர்கிறாராம். அவர் ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லவில்லை. அதுதான் இவனை உட்காரவிடவில்லை.

கடைக்கார அக்கா ஸ்பானரோடு ஒரு வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்தார்.

"என்ன தம்பி, பொண்ணு பாக்க வந்த மாதிரி சுத்திச் சுத்தி வர்றீங்க? ஏதாவது ஒண்ணைக் கை காட்டுங்க."

"அந்தப் பெரிய பைப்பு. அதைப் போட்டா இழுவை கூடுமாக்கா?"

"கூடும், உங்களுக்கே தெரியாத அளவுக்குக் கொஞ்சூண்டு. சத்தம்தான் ஊரைக் கூட்டும்."

"ஸீட்ல உக்காந்தா அவ்வளவா கேக்காதுக்கா."

"ஸீட்ல நீங்க மட்டும்தானே உக்கார்றீங்க?"

அந்தக் கடையில் ஒரு வழக்கம். வெல்டிங் வைக்கும் முன், பைப்பைக் கிளாம்ப் போட்டு மாட்டுவார் அக்கா. பிறகு வண்டிக்காரரைக் கடையை ஒட்டிய தன் வீட்டு அறைக்கு அனுப்புவார்.

"செருப்பைக் கழட்டிட்டுக் கட்டில்ல படுங்க. கண்ணை மூடிக்கணும், திருட்டுத்தனம் கூடாது."

சிரித்துக்கொண்டே படுத்தான். வெளியே அக்கா ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். அலமாரியில் டம்ளர் தடதடத்தது. நெஞ்சுக்கூட்டில் யாரோ குத்தியது போல இருந்தது. தையல் போட்ட நெஞ்சு இதை எப்படித் தாங்கும்?

மகள் குறைமாதத்தில் பிறந்தவள். முதல் ஐந்து மாதம் இரவெல்லாம் அழுவாள், மதியம் இரண்டு மணி நேரம்தான் சேர்ந்தாற்போலத் தூங்குவாள். அந்த ஐந்து மாதமும் சுவருக்கு அப்பால் தையல் மெஷின் சத்தமே இல்லை. அவருக்கு வேலை குறைவு போலும் என்று நினைத்திருந்தான். ஒருநாள் சட்டை வாங்கப் போனபோதுதான் தெரிந்தது. மெஷின் பின்பக்கச் சமையலறைக்குப் போயிருந்தது. அதன் கால்களுக்கு அடியில் நான்காக மடித்த போர்வை.

"இங்க வெளிச்சம் நல்லா வருதுப்பா" என்றார் அவர்.

அந்தச் சமையலறைக்கு ஜன்னலே கிடையாது. இப்படிப்பட்ட பொய்களைக் கடவுள் புண்ணியக் கணக்கில்தான் எழுதுவார்.

அவன் எழுந்து வெளியே வந்தான். "அதைக் கழட்டிடுங்கக்கா. சந்தையில 'இருமல் தாத்தா'ன்னு கூப்பிடுற வண்டி இது; சத்தமே வராத மாதிரி ஒண்ணு குடுங்க."

"இருமல் தாத்தாவுக்கு வைத்தியம் பாத்தாச்சுன்னு சொல்லுங்க!" என்று சிரித்த அக்கா, பாதியாக அறுத்து வைத்திருந்த ஒரு சைலன்சரைக் காட்டினார். உள்ளே துளையிட்ட குழாய், அதைச் சுற்றி நார்ப்பஞ்சு. "சத்தம் இதுக்குள்ள போய்த்தான் அடங்கும், தம்பி."

மகளுக்குச் சொல்லப் பதில் கிடைத்துவிட்டது.

மறுநாள் ஐந்து மணிக்குச் சாவியைத் திருப்பினான். வண்டி மெல்ல முனகியது. நிம்மதியாக ஒரு முழம் நகர்த்தியபோது பின்னால் 'சலங்' என்றது. பின்கதவுச் சங்கிலி. இத்தனை நாள் பழைய சைலன்சரின் இரைச்சலில் கேட்காமலே இருந்திருக்கிறது.

இன்ஜினை அணைத்து, வீட்டுக்குள் போய் மகளின் கைக்குழந்தைக் காலத்துப் போர்வையை எடுத்து வந்தான். அதைச் சங்கிலியில் சுற்றி இறுக்கிக் கட்டினான். தெருவில் யாருமில்லை. தையல்காரரின் ஜன்னல் இருட்டாகவே இருந்தது. வண்டி அதைச் சத்தமில்லாமல் கடந்து போனது.