ஆலாக் குஞ்சு பறக்கும் முன்

வைகாசிக் கடைசி. காயலுக்கும் கடலுக்கும் நடுவே கிடந்த மணல் திட்டின் மேல், மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தான் ரசலையன். அந்தத் திட்டைத்தான் பொழி என்பார்கள். அதற்குக் காவலாக ஊரார் வைத்த ஆள் அவன். அந்தக் காயலின் நடுவில் ஒரு மணல்மேடு உண்டு. அங்கே வெறும் மணலில் ஆலாப் பறவைகள் குஞ்சு பொரித்திருந்தன. குஞ்சுகள் பறந்த பிறகே பொழியை வெட்டிக் காயல்நீரைக் கடலுக்கு விடவேண்டும் என்பது ஊர்க்கட்டு. ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

மழையில் ஆற்றுநீர் வந்து சேர்ந்து காயல் ஏறிக்கொண்டிருந்தது. கரையோர வயல்காரர் ஆறுமுகப்பெருமாள் பிள்ளைக்குப் பொறுக்கவில்லை.

"ஏலே ரசலையா, நாத்து முங்கப் போவுது. இன்னைக்கே பொழிய முறிச்சு விடு. கரையில கெடக்க மூணு மரக்கால் விதைப்பாட்டு வயல ஒனக்குப் பாட்டத்துக்குத் தாறேன்."

"குஞ்சு இன்னும் பறக்கலியே அய்யா. தண்ணி வத்துனா மேட்டுக்கு நாயி நடந்தே போயிருமே."

"ஏலே, குருவிக்குக் காவலா ஒன்ன வச்சிருக்கு? ஒம் பிள்ளையளு கெழங்கத் தின்னே சாவணுமா?"

சொந்தமாக ஒரு பிடி மண் இல்லாதவனுக்குக் குத்தகைக்கு வயலைக் காட்டினால் என்ன செய்வான்? லஞ்சம் பணமாகத்தான் வரும் என்று நினைக்கிறோம். பசித்தவனுக்கு அது சோறாகவும் வரும். ரசலையன் வெட்டினான். சாயங்காலத்துக்குள் பாதித் தண்ணீர் கடலுக்குப் போய்விட்டது.

மறுநாள் காலை நண்டு பிடிக்கப் போன அவன் மனைவி நேசம்மாள் வெறுங்கூடையோடு திரும்பினாள்.

"மேட்டுல ஒரு குஞ்சு மிச்சமில்ல. எல்லாத்தயும் நாயி தின்னுட்டு. பறவையளு கத்துகது கேக்க முடியல. பொழிய வெட்டினது நீங்களா?"

"நம்ம பிள்ளையளுக்காவத்தாண்டி" என்றான் அவன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"அதுவளும் பிள்ளையளுதான்."

பாவம், அவன் பிள்ளைகளுக்கும் அந்தச் சோறு வாய்க்கவில்லை. அமாவாசையன்று கடல் பொங்கி, வெட்டிய வழியாகவே காயலுக்குள் ஏறியது. குஞ்சுகள் பறந்து, வழக்கமாகப் பொழி வெட்டும் ஆனிக் கடைசியில் ஆற்றுவெள்ளம் பலமாக இருக்கும். கடலை உள்ளே விடாது. இப்போது ஆற்றுக்கு அந்த வலு இல்லை. கரையோர வயல்களில் உப்புத்தண்ணீர் தேங்கி, நாலே நாளில் நாற்றெல்லாம் கருகிப்போயிற்று. பாட்டத்துக்குச் சொன்ன வயலும் அதில் ஒன்று.

ஆறுமுகப்பெருமாள் பிள்ளை வரப்பில் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். "எல்லாம் போச்சே ரசலையா."

"நாளைக்கு ஊர்க்கூட்டத்துல நடந்தத சொல்லப்போறேன் அய்யா. காவல்ல இருந்து என்னிய நீக்கினாலும் நீக்கட்டு" என்றான் ரசலையன். "நீங்க ஆசை காட்டினீய, நான் வெட்டினேன். ரெண்டுபேருக்கும் பங்குண்டு. குஞ்சுக்காவ நாம பொறுத்திருக்கோம்னு இத்தன காலம் நெனச்சோம். அந்தக் குஞ்சுவதான் நம்ம வயலக் காத்துக்கிட்டு இருந்திருக்கு. அதுவளுக்க எடத்த அழிச்சா, நமக்கும் இங்க எடம் கெடையாது."