சின்னக் குவியலில் ஒரு நீலச் சீட்டு

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் என்னுடையது. என்ன பொய் என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். இப்போதே சொன்னால் என்னை எறிந்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவீர்கள்.

தொடக்கம் மூன்று எழுதினேன்.

"மாரி ஓய்ந்து, கடல் அலை—" வேண்டாம். தீவைப் பற்றி எழுதுகிற எல்லாரும் கடலுக்குள்தான் முதலில் விழுகிறார்கள்.

"தண்ணீர் என்பது மனிதனின் அடிப்படை—" இது மேடைப் பேச்சு. இதைப் பேச ஒருவர் பின்னால் வருகிறார்.

"நல்லம்மா விடிய ஆறு மணிக்குக் குடத்தோடு கிணற்றடிக்கு வந்தாள். மத்தியானமும் அங்கேயே நின்றாள்." இது நிற்கட்டும்.

(எழுதிய பிறகுதான் கண்டேன். என் தாயைவிட மூத்த மனுசியை 'வந்தாள்' என்று எழுதியிருக்கிறேன். சின்ன வயதிலிருந்து பழகிய கை. வந்தார், நின்றார் என்று திருத்துகிறேன். இனி வழுக்கினால் மன்னிக்கவேண்டாம்.)

2

வேலணைத் தீவில் எங்கள் ஊர். ஊரின் பெயரை எழுதமாட்டேன். தங்கைக்கு இன்னும் கலியாணம் ஆகவில்லை. ஊரில் கிணறுகள் ஏராளம், வாயில் வைக்கக்கூடிய தண்ணீர் ஒன்றில்தான். மற்றதெல்லாம் உவர். அந்த நல்ல தண்ணீர்க் கிணற்றில் நல்லம்மா குடியிருக்கும் ஒடுங்கிய ஒழுங்கையில் உள்ள பதினொரு வீட்டாரும் வாளி போடக்கூடாது. குடிக்கலாம், அள்ளத்தான் கூடாது. நாங்கள் அவ்வளவு பொல்லாத ஆட்கள் இல்லை. குடத்தைக் கிணற்றுக் கட்டுக்குக் கீழே வைத்துவிட்டு நிற்கவேண்டும். எங்களில் யாராவது வந்து, மனமும் இருந்தால், அள்ளி ஊற்றுவோம். சாதி பார்க்கக்கூடாது என்று ஐம்பத்தேழிலேயே சட்டம் வந்துவிட்டது. கிணற்றடிவரை அது இன்னும் வந்து சேரவில்லை.

எண்பத்துமூன்று தைமாதத்தில் ஒரு நாள். நல்லம்மாவின் மகள் சத்தியபாமா பிள்ளை பெற்று எட்டு நாள். வீட்டில் ஒரு சொட்டு நல்ல தண்ணீர் இல்லை. ஊர் முழுக்க ஊர்காவற்றுறைக்குக் கலியாணத்துக்குப் போயிருந்தது. ஆறு மணியிலிருந்து ஒரு குஞ்சும் அந்தப் பக்கம் வரவில்லை. வெயில் தலைக்கு ஏறிய நேரம் அவர் சுற்றுமுற்றும் பார்த்தார், கட்டின்மேல் ஏறினார், வாளியை விட்டார்.

அவ்வளவுதான் குற்றம். குடம் நிறைவதற்குள் கலியாண பஸ் திரும்பி வந்துவிட்டது.

3

இப்போது இராசநாயகம் மாஸ்ரர் வரவேண்டும். ஊர் முன்னேற்றச் சங்கத்தின் செயலாளர். (இவரை வில்லனாக எழுதப் பார்த்தேன். வருகிறாரில்லை. உண்மையிலேயே நல்ல மனிசன், அதுதான் கரைச்சல்.)

முந்திய மாதம்தான் நாடு முழுக்கச் சர்வசன வாக்கெடுப்பு நடந்திருந்தது, தேர்தல் வைக்காமலே பாராளுமன்றத்தின் ஆயுளை நீட்டலாமா என்று. சந்தியில் ஒலிபெருக்கி கட்டி மாஸ்ரர் முழங்கினார்:

"மனிசற்ர உரிமையைத் தலையை எண்ணியோ தீர்க்கிறது? ஐம்பத்தாறில சிங்களம் மட்டும் எண்டு சட்டம் போடேக்கையும் இப்பிடித்தான் எண்ணினவங்கள். எண்ணிக்கை கூடினவன் கையைத் தூக்கினால் என்ர நாக்கு ஊமையாப் போகுமோ?"

நாங்கள் கை தட்டினோம். நானும் கை சிவக்கத் தட்டினேன். வேலியோரம் நின்று நல்லம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தார்.

கிணற்று விசயம் வந்ததும் நாலு பேர் பொல்லு, தடியோடு ஒழுங்கைக்குப் போகப் புறப்பட்டார்கள். மாஸ்ரர் குறுக்கே நின்றார். "நாங்கள் காட்டுமிராண்டியளே? ஞாயிற்றுக்கிழமை வாக்கெடுப்பு வைப்பம். அந்தப் பகுதி ஆக்களுக்கும் வாக்கு உண்டு. ஆளுக்கு ஒண்டு!"

பிறகு நல்லம்மாவிடம் போய்க் குரலைத் தாழ்த்தினார். "நல்லம்மா, என்ர வாக்கு உனக்குத்தான். பயப்பிடாதை."

"வாக்கு எதுக்கு ஐயா? குடத்துக்குத் தண்ணிதானே கேட்டனான்."

"அதை முறையா எடுப்பம் எண்டுதான் சொல்லுறன்."

ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சறோஜினிதேவி ரீச்சரும் அதையே சொன்னா. நானும் போய்ச் சொன்னேன். "என்ர வாக்கு உங்களுக்குத்தான்" என்றேன். 'உங்களுக்கு' என்று சொன்னதற்காகப் பிறகு இரண்டு நாள் என்னை நானே மெச்சிக்கொண்டு திரிந்தேன்.

4

வாக்கெடுப்பு சங்க மண்டபத்தில். கொப்பித் தாளில் கிழித்த சீட்டு. 'அள்ளலாம்', 'கூடாது', ஒன்றுக்கு எதிரே பெருக்கல் குறிபோல ஒரு புள்ளடி. சீட்டுப் போட ஒரு பிஸ்கற் தகரப் பேணி. நெரிசல் வராமல் இருக்க வரிசை இரண்டு. எந்த வரிசையில் யார் என்று நீங்கள் கேட்கப்போவதில்லை.

சீட்டை ஒரே பேணிக்குள் போடலாமா என்று கால் மணித்தியாலம் வாதம். கடதாசிக்குத் துடக்கில்லை, தீட்டு ஒட்டாது என்று தீர்ந்தது. பென்சில்தான் சிக்கல். அவர்கள் பிடித்த பென்சிலை இவர்கள் எப்படிப் பிடிப்பது? ரீச்சர் தன் பையைத் திறந்து, கொப்பி திருத்துகிற சிவப்புப் பென்சிலை எடுத்துக் கொடுத்தா. "இது அந்த வரிசைக்கு இருக்கட்டும். திருப்பித் தரவேண்டாம்." ஊர் வரிசைக்கு மாஸ்ரரின் நீலப் பென்சில்.

படித்த மூன்று பேர் நின்ற இடத்தில் இது நடந்தது. ஒருவருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை.

5

எண்ணியது நான்.

மேசையில் இரண்டு குவியல். 'கூடாது' குவியல் சரிந்து விழப் பார்த்தது: நூற்று எண்பத்தேழு. 'அள்ளலாம்' இருபத்துமூன்று. நல்லம்மாவின் ஒழுங்கையில் வாக்குப் போட்டவர்களும் இருபத்துமூன்று பேர்தான்.

பெரிய குவியல் முழுக்க நீலம். சின்னக் குவியல் முழுக்கச் சிவப்பு.

நல்லம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. நிறம் தெரியும். வாசலில் நின்றபடி அந்தச் சின்னக் குவியலைப் பார்த்தார். பிறகு மாஸ்ரரைப் பார்த்தார். ரீச்சரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மாஸ்ரர் தொண்டையைச் செருமி, "சனநாயகம் எண்டால் இதுதான். முடிவை எல்லாரும் ஏற்கவேணும்" என்றார். ரீச்சருக்குத் திடீரென்று மூக்குக்கண்ணாடி அழுக்காகிவிட்டது.

6

(பொய்யைச் சொல்ல வேண்டிய இடம் இது.)

இந்தக் கதையின் முதல் வரைவில் சின்னக் குவியலில் ஒரு நீலச் சீட்டு இருந்தது. ஒன்றே ஒன்று. அது யாருடையது என்று எழுதவில்லை. வாசகர் கண்டுபிடித்து என்னை மனதுக்குள் பாராட்டட்டும் என்று விட்டிருந்தேன்.

அப்படி ஒரு சீட்டு இருக்கவில்லை. பென்சிலைக் கையில் எடுத்தபோது தங்கையின் கலியாணம் நினைவுக்கு வந்தது, அதைப் பேசிக்கொண்டிருந்த அத்தை நினைவுக்கு வந்தா, என் ஒரு வாக்கால் என்ன ஆகப்போகிறது என்பதும் வந்தது. புள்ளடி போட்டேன். வெட்கமாக இருக்கிறது. எழுதுவதற்கு வசதியான வெட்கம் என்பது இன்னும் வெட்கமாக இருக்கிறது.

7

முடிவுகள்:

(அ) மாஸ்ரர் மனம் திருந்தித் தானே அள்ளி ஊற்றுகிறார். — நாடகம்.

(ஆ) நல்லம்மா வழக்குப் போட்டு வெல்கிறார். — சாட்சிக்கு யார் போவது? நானா?

(இ) முடிவை உங்களிடமே விடுகிறேன். எது வேண்டுமோ அதற்கு நேரே புள்ளடி—

இந்த மூன்றையும் கொண்டுபோய்க் கிணற்றடியில் நின்ற நல்லம்மாவுக்கு வாசித்தேன். குடம் கீழே இருந்தது. வாக்கெடுப்பு முடிந்து நாலாம் நாள். அவரை நிற்கவைத்துவிட்டு இரண்டு பேர் தங்களுக்கு மட்டும் அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். மூன்றாவதை வாசித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தம்பி, ஊர் எண்ணினது காணாதே? இனி உங்கட கதை படிக்கிற ஆக்களும் எண்ணப் போகினமோ? என்ர பேரப்பிள்ளைக்குத் தண்ணி குடுக்கிறதோ இல்லையோ எண்டு அவையள் ஆர்?"

தாளை மடித்தேன். ஆகவே, வாசகரே, (இ) இல்லை. உங்களை ஒருவரும் கேட்கவில்லை. கையைக் கீழே போடுங்கள்.

அவர் கிணற்றுக் கட்டின்மேல் ஏறினார்.

"நல்லம்மா, சனம் வருது" என்றேன். வரத்தான் வந்தது. சந்திப் பக்கமிருந்து யாரோ கத்திக் கூப்பிடுவதும், ஆட்கள் ஓடிவருவதும் கேட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வாளி தண்ணீரில் விழுந்தது. இழுத்தார். குடத்துக்குள் ஊற்றினார். மறுபடி விட்டார்.

"ஏன் சும்மா நிக்கிறியள் தம்பி?" என்றார். "எண்ணுறதுக்குத்தானே வந்தனீங்கள். எண்ணுங்கோ."